முப்பத்தொரு சென்டிமீட்டர் இறங்கிய மலை

ஹனூரிலிருந்து மைசூருக்குக் குடிவந்ததையே எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் வெளிநாடு போனது மாதிரிதான் பேசுவார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து நான், வட துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்குப் போகிறேன் என்றதும் என் கணவர் மூர்த்தி கேட்ட முதல் கேள்வி, "அங்க சோறு கெடைக்குமா மகேசு?" என்பதுதான். அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. நிரம்பி வழிந்த பெட்டியை மூட அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"தப்பு உன்னுதா?"

"தெரியலைங்க. அதப் பாக்கத்தான் போறேன்."

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஓர் ஊதுபத்திக் கிடங்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எங்கோ ஒரு நாட்டில் சிறு விமானம் ஒன்று பறக்கும். அதன் வயிற்றில் இருக்கும் துளை வழியாக லேசர் ஒளியைத் தரையை நோக்கி ஓயாமல் அடிப்பார்கள். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து, அது பட்ட இடம் எவ்வளவு உயரம் என்று கணக்கு வரும். அந்தப் புள்ளிகள் கோடிக்கணக்கில் எங்களிடம் வந்து சேரும். இது தரை, இது கூரை, இது பனி என்று பிரித்து, நிலத்தின் மேடுபள்ளத்தை வரைபடமாக்கி அனுப்புவது எங்கள் பாடு. எட்டு வருஷமாக எனக்கு ஆர்க்டிக் மலைகள்தான். பனியைக் கையால் தொட்டதில்லை.

போன கோடையில் அளந்ததைப் பழைய அளவோடு ஒப்பிட்டபோது, ஓர் ஊருக்கு மேலே நிற்கும் மலைச்சரிவு முப்பத்தொரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. சரிவின் அடியில் ஒரு வரிசை வீடுகள். மலை நழுவுகிறது என்றால் அங்கே யாரும் குடியிருக்க முடியாது. அந்தக் கோப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். விமானத்தை ஓட்டிய நார்வே நிறுவனம், இந்தக் கோடையில் மறுபடி பறந்து அளக்கப் போகிறோம், உங்கள் ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று எழுதியது. எங்கள் முதலாளி மஞ்சுநாத் சார் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: "நீங்களே போயிட்டு வாங்க. கையெழுத்து உங்களுது தானே?"

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊர் அது.

மூன்றாவது விமானத்திலிருந்து இறங்கியபோது நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. அது நார்வேயின் வேறோர் ஊருக்குப் போயிருக்கிறது என்று கவுண்டரில் இருந்த பெண், ஏதோ அது விருந்துக்குப் போனது மாதிரி, சிரித்த முகத்தோடு சொன்னாள். கம்பளிச் சட்டை, பூட்ஸ், மூர்த்தி திணித்து வைத்த ராகி மாவு எல்லாம் பெட்டியில். என் மேல் இருந்தது மைசூர் சயாஜிராவ் ரோட்டில் வாங்கிய ஒரு ஸ்வெட்டர். ஊட்டிக்கு அது போதும். இங்கே கதவு திறந்ததும் காற்று ஸ்வெட்டரைக் கேட்காமலே உள்ளே வந்தது. ஜூலை மாதம், நல்ல வெயில், பல் கிட்டிக்கொண்டது.

என்னை அழைத்துப் போக வந்தவர் இங்கர் என்ற பெண்மணி. விமானத்தில் லேசர் கருவியை இயக்குபவர், ஐம்பது வயதிருக்கும், கதவு நிலையில் இடிக்கிற உயரம். என் கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் வண்டியின் பின்னாலிருந்து ஒரு பழைய வேலையாள் உடுப்பை எடுத்துக் கொடுத்தார். கால் பக்கத்தை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு ஊருக்குள் போனேன்.

ஊர் என்றால் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மொட்டை மலை. மரம் ஒன்றுகூட இல்லை. சாமுண்டி மலையிலிருந்து மரம், படி, கோயில், கடை எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிட்டுக் கருங்கல் சரளையை மட்டும் விட்டுவைத்தால் எப்படியோ அப்படி. வீடுகள் எல்லாம் மரக்கால்களின் மேல் நிற்கின்றன. தரைக்கடியில் மண் எப்போதும் உறைந்தே கிடக்கிறதாம். வீட்டைத் தரையோடு ஒட்டிக் கட்டினால் வீட்டின் சூட்டில் மண் இளகி, வீடு சாய்ந்துவிடும் என்றார் இங்கர். ஒரு கலைமான் சாலையைக் கடந்தது. மைசூரில் மாடு கடப்பது போலவே, எந்த அவசரமும் இல்லாமல்.

தங்குமிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது ஒன்றுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போனேன். தட்டில் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொடுத்த அம்மாள் என் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் தமிழே?"

"ஆமாங்க" என்றேன்.

"அம்மாளாச்சி! இந்தியாவில எவடம்?"

"மைசூருங்க. பொறந்தது ஹனூர். கர்நாடகா."

"கர்நாடகாவிலயும் தமிழ் ஆக்களே? நல்லது, நல்லது. உந்த மீனை வையுங்கோ, நான் சோறு கொண்டுவாறன்."

யோகேஸ்வரி என்று பெயர். யோகம் அக்கா என்று கூப்பிடச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நார்வேக்கு அகதியாக வந்து, வேலை தேடி இந்தத் தீவுக்கு ஏறியவர். தங்குமிடத்தின் சமையலறை அவருடைய பொறுப்பு. கணவர் விமான நிலையப் பேருந்து ஓட்டுகிறார். தனக்கென்று வைத்திருந்த சோற்றையும் தேங்காய்ப்பால் சொதியையும் எனக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குள் போனபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

"வடிவாச் சாப்பிடுங்கோ. நானும் எத்தினை நாளைக்கு இங்க சமைக்கப் போறனோ தெரியாது" என்றார்.

"ஏனக்கா?"

"எங்கட லைன் வீடுகளில இருந்து எழும்ப ஆயத்தமா இருக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. மேல நிக்கிற மலை முப்பத்தொரு சென்டிமீட்டர் இறங்கிப் போச்சுதாம். ஆரோ பிளேனில இருந்து அளந்தவையாம். இந்த ஊரில வேற வீடு எடுக்கேலாது பிள்ளை. வீடில்லாட்டி ஊரை விட்டே போகவேணும். திரும்பவும் பெட்டி கட்டுறது."

"நீங்கள் என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டார். "ஒரு சர்வே வேலைங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பொய் இல்லை. ஆனால் பொய் சொன்னால் முகம் எப்படிச் சுடுமோ அப்படிச் சுட்டது.

மறுநாள் பறப்பதாக இருந்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி, மலையின் இடுப்புக்கு மேல் எதுவும் இல்லாமல் போயிற்று. லேசர் மேகத்தைத் துளைக்காது. "இன்று இல்லை" என்றார் விமானி, காபியை ஊற்றிக்கொண்டே. சும்மா உட்கார முடியாமல், அந்தச் சரிவையாவது நேரில் காட்டுங்கள் என்று இங்கரைக் கேட்டேன். அவர் தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டார். பனிக்கரடிக்கு. எங்கள் பக்கம் மலைமாதேஸ்வரா காட்டுப் பாதையில் யானைக்குப் பயந்து பஸ் ஜன்னலைச் சாத்துவோம். இங்கே நடப்பதற்கே துப்பாக்கி.

அந்தச் சரிவைத் திரையில் எத்தனை நூறு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்! எந்த இடத்தில் ஓடை, எந்த இடத்தில் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நேரில் அது வழுக்கியது. காலடியில் சரளை சலசலவென்று ஓடியது. பாதி ஏறியதும் இங்கர் குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் பச்சைப் பாசி தைத்த மாதிரி ஒட்டியிருந்தது.

"முப்பத்தொரு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் இது கிழிந்திருக்க வேண்டும்" என்றார். "எங்கேயாவது கிழிசல் தெரிகிறதா?"

நாங்கள் இரண்டு மணி நேரம் தேடினோம். ஒரு கிழிசலும் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மலை இறங்கவில்லை என்றால் தப்பு எங்கோ கணக்கில் இருக்கிறது. கணக்கு என்னுடையது.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து பழைய கோப்பைத் திறந்தேன். போன கோடையில் இரண்டு நாள் பறந்திருந்தார்கள், நடுவில் ஒன்பது நாள் இடைவெளி. வீடுகள் முதல் நாளில், மலைச்சரிவு இரண்டாம் நாளில். விமானம் வானத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதற்குத் தரையில் ஓர் ஆன்டெனா வேண்டும். அதன் உயரம் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டிருக்கும். அதை நம்பித்தான் மற்ற எல்லாக் கணக்கும். முதல் நாள் பயன்படுத்தியது விமான நிலையத்து ஆன்டெனா. இரண்டாம் நாள் அது வேலை செய்யவில்லை என்று, ஊருக்குள் ஒரு சாமான் கொட்டகையின் கூரையில் இருந்த வேறோர் ஆன்டெனாவைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதுவும் எனக்கு அப்போதே தெரியும், குறிப்பில் இருந்தது.

இரண்டு நாள் அளவும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஒரே ஒரு பனித்திட்டு. அங்கே இரண்டுக்கும் முப்பது சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததையும் போன வருஷமே பார்த்திருந்தேன். ஒன்பது நாளில் பனி உருகியிருக்கும் என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டு, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை இங்கரை இழுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போனேன். மற்ற கட்டடங்கள் மாதிரியே மரக்கால்களின் மேல் நின்றது. கூரையில் ஆன்டெனா, ஆடாமல் அசையாமல். வாசலில் ஐந்து படி. மேலே நான்கும் மழையும் பனியும் பட்டு வெளுத்த பழைய பலகை. அடியில் உள்ள ஒன்று மட்டும் புதுப் பலகை.

"இந்தப் படி எப்போது வைத்தது?" என்று கேட்டேன்.

இங்கருக்குத் தெரியவில்லை. உள்ளே கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவரைக் கேட்டார். அவர் நார்வே மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை இங்கர் எனக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்கிறார்?"

"போன வருஷம் வசந்தத்தில் கொட்டகையின் கால்கள் மக்கிப்போயினவாம். ஜாக்கி வைத்து மொத்தக் கொட்டகையையும் தூக்கிப் புதுக் கால் போட்டார்களாம். பழைய படி தரைக்கு எட்டவில்லை, அதனால் ஒன்று கூடச் சேர்த்தார்களாம்."

ஆன்டெனா கொட்டகையோடு சேர்ந்து உயர்ந்துவிட்டது. கணக்கில் அதன் உயரம் பழையபடியே இருந்தது. அது உயர்ந்தது தெரியாததால், கணக்கு விமானத்தைத் தாழ்த்திவிட்டது. விமானம் தாழ்ந்தால் அது பார்த்த மலையும் தாழ்ந்துவிடும்.

பாறையில் அடித்திருந்த, உயரம் தெரிந்த ஓர் இரும்பு ஆணியிலிருந்து லெவல் கருவியை வைத்து ஆன்டெனாவின் உயரத்தை அளந்தோம். காற்றில் கண்ணீர் வழிய இங்கர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவை, கணக்கில் இருந்ததைவிட முப்பத்தொரு சென்டிமீட்டர் கூடுதல். இரண்டாம் தடவையும் முப்பத்தொன்று. நாங்கள் அந்தப் புதுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். இங்கர் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். மொழிபெயர்க்கவில்லை, தேவையும் படவில்லை.

மஞ்சுநாத் சாருக்குப் போன் போட்டேன். "அப்பாடா!" என்று அவர் விட்ட மூச்சு அங்கிருந்து கேட்டது. "அப்போ தப்பு அவங்களுது. ஆன்டெனா உயரம் கொடுத்தது அவங்கதானே? அப்படியே எழுதிடுங்க மகேஸ்வரி."

"சார், பனித்திட்டுல முப்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தை நான் பாத்தேன். பாத்துட்டு விட்டுட்டேன். அதையும் எழுதணும்."

"வந்து பேசிக்கலாம்" என்றார்.

உயரத்தைத் திருத்திப் போட்டால் மலை பழைய இடத்துக்கே வந்தது. ஆனால் ஊர் அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தடவை கணக்கு மாறியது, இன்னொரு தடவையும் மாறலாம், புதிதாகப் பறந்து அளந்து கொடுங்கள், பிறகுதான் கடிதத்தைத் திரும்பப் பெறுவேன் என்றார். அவரிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று சமையலறைக்குள் போய் நின்றேன். யோகம் அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த முப்பத்தொரு சென்டிமீட்டர் கணக்கைப் பாத்து அனுப்புனது நாந்தானுங்க."

கத்தி நின்றது. "நீரோ?"

அதுவரை 'நீங்கள்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

கொட்டகை, கால், படி எல்லாவற்றையும் சொன்னேன். பனித்திட்டையும் சொன்னேன். ஐந்தரை மணி பஸ்ஸைக்கூட விடவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூண்டு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்லை. உமக்குத் தெரியுமே?"

"தெரியுதுங்கக்கா."

"தெரியாது உமக்கு. இப்ப மலை இறங்கேல்லை எண்டு சொல்லுறீரோ?"

"இறங்கலைன்னுதான் தோணுது. ஆனாப் பறந்து பாக்காம உறுதியாச் சொல்ல மாட்டேன்."

"தோணுதாம்" என்றார். திரும்பி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகும் ஐந்து நாள் மூடுபனி. முதல் நான்கு நாளும் யோகம் அக்கா என்னிடம் பேசவில்லை. தட்டு வரும், மேஜையில் வைப்பார், போய்விடுவார். சொதி வரவில்லை. ரொட்டியும் பழுப்பு நிறத்தில் ஒரு பால்கட்டியும் தின்றேன். திரட்டுப்பாலில் உப்புப் போட்ட மாதிரி ஒரு ருசி. முதல் நாள் ஒதுக்கினேன், மூன்றாம் நாள் தேடினேன். பக்கத்து மேஜையில் ஒரு கணவனும் மனைவியும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "மலைக்கு என்ன, அது நின்ற இடத்தில் நிற்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள்தான் ஆடுகிறார்கள்" என்றார் கணவர். எந்த நாட்டுக்காரரோ. நான் ரொட்டியைக் குனிந்து தின்றேன்.

மூர்த்தி தினமும் வீடியோவில் கூப்பிடுவார். "ஊட்டா ஆச்சா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்துத்தான் தொடங்குவார். நான் ஜன்னலைக் காட்டுவேன். வெள்ளைச் சுவர் மாதிரி மூடுபனி.

"குண்டலுபேட்டை தாண்டி ஊட்டி போறப்போ இப்படித்தான இருக்கும்? பத்து மணிக்கு விலகிருமே."

"இங்க பத்து மணிக்கெல்லாம் வெலகறதில்லைங்க."

"வெலகும், கண்ணு. சும்னே தலையக் கெடுத்துக்காத."

ஐந்தாம் நாள் என் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம். ராகி மாவுப் பொட்டலம் ஒரு மூலையில் கிழிந்து, புடவை சட்டை எல்லாம் மாவாகியிருந்தது. அள்ளிச் சேர்த்ததில் பாதிக்கு மேல் தேறியது. அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். களி கிண்ட அடுப்பைக் கொடுப்பார்களா என்று கேட்கத்தான் போனேன். கேட்காமல் டப்பாவை நீட்டினேன்.

யோகம் அக்கா மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"குரக்கன் மாவே?"

"எங்க ஊர்ல ராகிம்போம்."

"இது கண்டு எத்தினை வருசம்..." விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "புட்டு அவிக்கட்டே?"

பாதி மாவு அவருக்குப் புட்டு, பாதி எனக்குக் களி. கையை விட்டுக் களியை உருட்டி விழுங்குவதைப் பார்த்து, "மெல்லாமலே விழுங்கிறீரே, நெஞ்சில அடைக்காதே?" என்றார். நான்கு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம். மன்னித்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புட்டைத் தின்றுவிட்டுத் தட்டை என் தட்டோடு சேர்த்துக் கழுவினார்.

மறுநாள் காலை கண் விழித்தபோது அறை முழுக்க வெயில். இங்கர் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

விமானம் எங்கள் கம்பெனி வேனைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே மூன்று இருக்கை, மீதி இடம் கருவிக்கு. வயிற்றில் இருந்த துளை வழியாகக் குளிர் நேராக முழங்காலில் அடித்தது. இந்தத் தடவை பறக்கும் கோடுகளை நானும் இங்கரும் சேர்ந்து போட்டிருந்தோம். ஒவ்வொரு கோடும் அடுத்ததன் மேல் சாலையிலும் கூரையிலும் படிய வேண்டும், பனியில் அல்ல. இரண்டு ஆன்டெனாவும் ஓட வேண்டும். இரண்டையும் அன்று காலையே அளந்துவிட்டு வந்தோம்.

ஹனூர்ப் பக்கம் டிராக்டர் உழுவது போலத்தான் அதுவும். ஒரு கோடு முடியும், விமானம் சாய்ந்து திரும்பும், அடுத்த கோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் என் வயிறு தனியாக ஒரு திருப்பம் திரும்பியது. இங்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு காகிதப் பையை நீட்டினார். ஆறாவது கோட்டில் அது பயன்பட்டது. அதற்குப் பிறகு தெளிந்துவிட்டேன். கீழே அந்தச் சரிவு கறுப்பாக, வெயிலில் ஈரம் மின்ன, எங்கேயும் போகிற உத்தேசமே இல்லாதது போலக் கிடந்தது. அடியில் சிவப்பும் மஞ்சளுமாக வீட்டு வரிசை.

இறங்கியதும் கணக்குப் போட உட்கார்ந்தோம். விமானம் போன பாதையைச் சரிசெய்து, புள்ளிகளைத் தரையில் இறக்கி, பழைய அளவோடு ஒப்பிட்டு முடிக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. இங்கர் ஓர் ஆன்டெனாவை வைத்துப் போட்டார், நான் இன்னொன்றை வைத்துப் போட்டேன். ஒருவர் திரையை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் காகிதத்தில் எழுதி மாற்றிக்கொண்டோம்.

இரண்டு சென்டிமீட்டர் என்று அவர் எழுதியிருந்தார். நானும் அதையே எழுதியிருந்தேன். அது கருவியே செய்யக்கூடிய பிழை. மலை நகரவில்லை.

இங்கர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் தலை அவர் நெஞ்சுக்குத்தான் எட்டியது. பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பெரிய உடுப்பு காலில் தடுக்க, வீட்டு வரிசைக்கு ஓடினேன். அக்காவுக்கு அன்று விடுமுறை.

மூன்றாவது வீடு. கதவைத் திறந்தவரின் கையில் ஒரு பழைய செய்தித்தாள். உள்ளே தரையெல்லாம் அட்டைப் பெட்டி. தட்டுகளைத் தாளில் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மலை எறங்கலைக்கா" என்றேன். மூச்சு வாங்கியது. "எறங்கவே இல்ல."

அவர் அசையவில்லை. "வடிவாப் பாத்தனீரே?"

"பாத்தேங்கக்கா. ரெண்டு பேரும் தனித்தனியாப் பாத்தோம்."

"இன்னொருக்காப் பாரும்."

செருப்பு வைக்கும் பலகையின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். வேறு இடத்தில், அவர் வீட்டுக்கு நேர் மேலே, சரிவின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். பழைய அளவு ஒரு நிறம், புதியது ஒரு நிறம். இரண்டும் ஒரே கோடாகக் கிடந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோட்டின் மேல் விரலை வைத்து, உச்சியிலிருந்து கீழே தன் வீடுவரை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். விரல் வீட்டில் வந்து நின்றதும் அப்படியே தரையில், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முதுகு குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சும்மா இருக்கிறீர், அந்தப் பெட்டியை இழும்" என்றார். தாளைப் பிரித்து ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கொடுத்தேன். அவர் துடைத்து அலமாரியில் அடுக்கினார்.

மைசூர் திரும்பியபோது நல்ல மழை. மஞ்சுநாத் சார் என் அறிக்கையை முழுக்கப் படித்தார். ஆன்டெனாவின் உயரம் மாறியதைத் தெரிவிக்காதது அவர்கள் பிழை என்று ஒரு வாக்கியம், பனித்திட்டு வித்தியாசத்தைக் கண்டும் விசாரிக்காமல் விட்டது என் பிழை என்று அடுத்த வாக்கியம். அந்த இரண்டாவதில் அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குக் கீழே, 'சரிபார்த்ததைச் சரிபார்க்காமல் அனுப்பியது நான்' என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஆயித்து, விடுங்க. இதை டைப் பண்ணிடுங்க" என்று தள்ளினார். அந்த நார்வே நிறுவனம் எங்களை விடவில்லை. அடுத்த வேலையையும் அனுப்பியிருக்கிறது.

பத்து நாள் கழித்து மதிய நேரத்தில், அலுவலக மாடிப்படியில் நின்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது போனில் யோகம் அக்காவின் குரல் செய்தி வந்தது. பின்னால் பேருந்தின் இரைச்சல். கணவரின் வண்டியில் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"தங்கச்சி, கடிதம் வந்திட்டுது. மலை எங்கயும் போகேல்லையாம். நாங்களும் போகேல்லை."